கடைக்கல்லும் கொப்பரைக்கல்லும்

அந்த ஒன்றரை மாதத்தை நினைத்தால் ராஜபாய்க்கு முதலில் மூக்கில் ஏறுவது சுறாப்புட்டின் கவிச்சைதான். காலையில் சுறாப்புட்டு, மத்தியானம் பூண்டுக் குழம்பு, சாயங்காலம் மறுபடியும் சுறாப்புட்டு. மாமியார் ஞானப்பூ கிண்ணம் நிறைய வைத்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்காருவாள். கடைசி வாய் தொண்டையில் இறங்குகிற வரைக்கும் கண்ணை எடுக்க மாட்டாள்.

"தின்னுட்டி. பாலு ஊறண்டாமா?"

தண்ணீர் கேட்டால் மட்டும் கிடைக்காது. தண்ணீர் குடித்தால் பால் நீர்த்துப்போகும் என்பது அவள் கணக்கு. ஒரு நாளைக்கு இரண்டு லோட்டா வெந்நீர், அதுவும் அவள் கையால் ஊற்றியது. மீன் நாறும் வாயோடு நாக்கு ஒட்டிக்கொள்ள ராஜபாய் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். பிள்ளை நன்றாகத்தான் உறிஞ்சும். ஆனால் தராசு வேறு சொன்னது.

ராஜபாய் எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்புகிறவள் இல்லை. ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டு மிஷன் பள்ளிக்கூடத்தில் லேஸ் பின்னக் கற்றுக்கொண்டவள். முப்பது நூல்கட்டைகளில் ஒன்று இடம் மாறிவிட்டால் கூட இருக்கிற பெண்கள் இழுத்து மறைத்துவிடுவார்கள். அவள் ஒரு சாண் பின்னியிருந்தாலும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். "இவளுக்க கண்ணு ஊசிமொனையாக்கும்" என்று டீச்சரம்மாவே சொன்னதுண்டு. வீட்டில் அவளுக்கு மூத்தவர்கள் இருந்தும், உப்பு முதல் உடுதுணி வரைக்கும் அளவு கேட்க எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள்.

இருபதாம் வயதில் அவளை இராஜாக்கமங்கலம் போகிற ரோட்டோரத்து ஏசுஅடிமையின் ஒரே மகன் குமாரதாசுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். வசதியான இடம். ரோட்டைப் பார்த்துப் பலசரக்குக் கடை, அதை ஒட்டி வீடு, வீட்டுக்குப் பின்னால் சரக்கு சேர்த்து வைக்கிற கொப்பரைக் கிட்டங்கி. முன்னால் அரிசி, புளி, கருப்பட்டி விற்பார்கள். பின்னால் திங்களும் வியாழனும் சுற்று வட்டாரத்துத் தேங்காய்க் கொப்பரையை வாங்குவார்கள். முன்னால் ஒரு தராசு, பின்னால் ஒரு தராசு. முன்கடையில் மாமனார், கிட்டங்கியில் குமாரதாஸ்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்தது. ஆண்பிள்ளை. மூன்று மாதம் ஆனதும், ஐம்பத்திரண்டாம் வருஷம் சித்திரை பிறந்த வாரத்தில், பிள்ளையும் தாயும் புருஷன் வீட்டுக்கு வந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கின உடனே ஏசுஅடிமை பேரனை வாங்கி, நேரே முன்கடைத் தராசுத் தட்டில் துண்டை விரித்துப் போட்டார். கிலோ என்ற சொல்லை ஊர் கேட்டிராத காலம். எல்லாம் ராத்தல்தான்.

"பன்னிரண்டே கால்!" கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினார். "பாத்தியளா லே, எனக்கப் பேரன!"

அந்தப் பன்னிரண்டே கால்தான் பிறகு ராஜபாயின் கழுத்தைப் பிடித்தது.

இரண்டு வாரம் கழிந்தது. பக்கத்து வீட்டு நாகம்மை, அந்தப் பகுதியில் பேறு பார்க்கிறவள், பிள்ளையின் தொடையைக் கிள்ளிப் பார்த்து, "சதை பிடிக்கல்லியே" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஞானப்பூவுக்கு அது போதும். உடனே பிள்ளையை எடை பார்க்கவேண்டும். அந்த வீட்டுப் பெண்கள் முன்கடையில் கால் வைக்கிற வழக்கம் கிடையாது. ஆகவே பிள்ளையைப் பின்னால் கிட்டங்கிக்குக் கொண்டுபோனாள். ராஜபாயும் பின்னாலேயே போனாள்.

திங்கட்கிழமை. கொப்பரை கொண்டுவந்தவர்கள் எட்டுப்பத்துப் பேர் சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். குமாரதாஸ் பிள்ளையைத் தட்டில் கிடத்தினான். பிறகு கல்லை எடுக்கப் போன கை சற்று நின்றது. முன்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். சாக்குகளின் மேல் இருந்தவர்களைப் பார்த்தான். அப்புறம் காலடியில் கிடந்த இரும்புக் கற்களையே எடுத்து வைத்தான். புருஷனுக்கு நாலு பேர் முன்னால் பிள்ளையை நிறுக்க வெட்கம் போலிருக்கிறது என்று ராஜபாய் நினைத்துக்கொண்டாள்.

"பத்தரை" என்றான்.

ஞானப்பூ நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "பதினாலு நாளுல ஒண்ணே முக்கால் ராத்தல் கொறஞ்சு போச்சே! ஏட்டி, உனக்க மாருல என்னத்த வச்சிருக்க, கஞ்சித்தண்ணியா?"

சாக்கில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். குமாரதாஸ் குனிந்து சணல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் சுறாப்புட்டு. அது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் நாகம்மை வந்து, நாலு வீட்டுப் பெண்கள் கூடியிருக்க, ராஜபாயின் ரவிக்கையை அவிழ்க்கச் சொன்னாள். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்த விரலால் மார்பைப் பிழிந்து பித்தளைக் கிண்ணத்தில் பால் எடுத்தாள். சந்தையில் ஆட்டு மடியைப் பார்க்கிற மாதிரி ஆளுக்கு ஒரு தடவை தொட்டும் பார்த்தார்கள். கிண்ணத்துப் பாலில் நாகம்மை ஒரு கட்டெறும்பைப் பிடித்துப் போட்டாள்.

"எறும்பு செத்தா பாலு விஷமாக்கும்."

எறும்பு சாகவில்லை. சுற்றிச் சுற்றி நீந்தி விளிம்பில் ஏறி ஓடிற்று.

"பாத்தியா, மயங்கிப் போவுது" என்றாள் நாகம்மை.

ராஜபாய் ரவிக்கையை இழுத்து மூடினாள். அந்தச் சுண்ணாம்பு விரல் பட்ட இடத்தைக் கிணற்றடியில் போய் மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள். அப்படியும் அருவருப்பு போகவில்லை.

என்றாலும் பயம் அவளுக்கும் இருந்தது. பத்தரை என்பது பத்தரைதானே. ஒருவேளை தன்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறதோ என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கடைசியில் தன் பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளை லேஸ் நூலை எடுத்தாள். பிள்ளையின் தொடையைச் சுற்றிப் பிடித்து, முனை வந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். அடுத்த சனிக்கிழமை அதே நூலால் அதே தொடையை அளந்தாள். முதல் முடிச்சு எட்டவில்லை. நெல்மணி நீளம் தள்ளி இன்னொரு முடிச்சுப் போட்டாள். அதற்கு அடுத்த சனிக்கிழமை மூன்றாவது முடிச்சு. பிள்ளை வேகமாக ஊதவில்லை, உண்மைதான். ஆனால் வளர்ந்துகொண்டிருந்தது. நூல் ஒன்று சொல்கிறது, இரும்பு ஒன்று சொல்கிறது.

மறுபடியும் கிட்டங்கியில் எடை பார்த்தார்கள். பத்தே முக்கால்.

"கால் ராத்தல் கூடியிருக்கே மாமி" என்றாள் ராஜபாய்.

"கூடிச்சா? வந்தப்ப பன்னிரண்டே கால் இருந்த பிள்ளை, ஒரு மாசம் கழிச்சும் அந்த இடத்துக்கே வரல்ல. உனக்கு இது கூடுனதா?" ஞானப்பூ பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். "இந்தச் சவத்துப் பாலைக் குடுத்துப் பிள்ளையைக் கொன்னு போடாத."

இன்னொரு வாரம் போயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் முடிவு சொல்லப்பட்டது. திங்கட்கிழமை பஸ்ஸில் தோவாளையிலிருந்து பிச்சிப்பூ வரும். அதை மார்பில் வைத்துக் கட்டி மூன்று நாள் விட்டால் பால் வற்றிவிடும். பிள்ளைக்குக் கடை அலமாரியில் இருக்கிற டின் பால். கடையில் டின் இருக்கிறது, மாவைக் கரைக்க மாமியார் இருக்கிறாள். பெற்றவள் எதற்கு?

ராஜபாய் அழவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வயிற்று வலி என்று சொல்லி வீட்டில் தங்கினாள். எல்லோரும் வேதக்கோயிலுக்குப் போனார்கள். ஏசுஅடிமை அங்கே முதல் பெஞ்சில் உட்காருகிறவர். கடை சாத்தியிருந்தது. வீட்டிலிருந்து கடைக்குள் போகிற கதவின் சாவி சமையல்கட்டு ஆணியில் தொங்கியது.

பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டு, அம்மியின் குழவியைக் கழுவித் துடைத்துத் தூக்கிக்கொண்டு முன்கடைக்குள் போனாள். குழவி மெலியாது, கொழுக்காது, யார் பாலையும் குடிக்காது. தட்டில் வைத்தாள். ஒன்பதரை ராத்தல். கற்களை மாற்றி வைத்து இன்னொரு தடவை பார்த்தாள். ஒன்பதரைதான். பிறகு அதே குழவியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனாள்.

ஏழே முக்கால்.

மூன்று தடவை நிறுத்துப் பார்த்தாள். ஏழே முக்கால்தான். கற்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாள். கொப்பரைக் கற்களின் அடிக்குழியில் ஈயம் வழிய வழிய ஊற்றி அரம் போட்டு மட்டமாக்கியிருந்தது. திரும்ப முன்கடைக்குப் போய் அந்தக் கற்களையும் கவிழ்த்தாள். குழி முழுக்கச் சுரண்டி எடுக்கப்பட்டு வெறும் பள்ளமாக இருந்தது. விற்கிற கல் இலகு. வாங்குகிற கல் கனம். இலகுக் கல்லில் பார்த்த அன்று பிள்ளை கொழுத்திருந்தது. கனத்த கல்லுக்கு மாறியதும் மெலிந்துவிட்டது.

ராஜபாய் கற்களை இருந்தபடியே வைத்துவிட்டு, குழவியை அம்மியில் சேர்த்து, சாவியை ஆணியில் மாட்டினாள்.

கோயில் விட்டு வந்த குமாரதாசை அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னாள். ஆச்சரியப்படுவான், அப்பாவிடம் ஓடுவான் என்றுதான் எதிர்பார்த்தாள். அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"சத்தம் போடாத. அம்மாக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமா?"

அவன் வேட்டிக் கரையைத் தடவினான்.

"எப்ப முதல் தெரியும்?"

"அன்னைக்கே. பிள்ளையைத் தட்டுல வச்சப்பவே. முன்கடைக் கல்லை எடுத்துட்டு வரணும்னு நெனச்சேன். அவ்வளவு ஆளு இருக்கும்போது, இங்க கல்லு கெடக்க அங்க போயி எதுக்கு வேற கல்லுன்னு கேப்பாவ இல்லியா?"

"பொறவு சொல்லியிருக்கலாமே."

"அப்பாட்ட சொன்னேன். டின் பாலு குடிச்சா பிள்ளை செத்தா போவும், வாயை மூடிட்டு இருன்னு சொல்லிட்டாரு. அம்மா காதுல விழுந்தா கெணத்தடி முழுக்கப் பரவிரும்லா."

ராஜபாய் அவன் முகத்தையே பார்த்தாள். ஒரு மாதமாக ஒவ்வொரு வேளையும் தான் வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கியதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றவன் இவன். நாகம்மை பிழிய வந்தபோது கிண்ணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே போனவன் இவன். அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான், குரலைத் தாழ்த்தி, ஏதோ நல்ல யோசனை சொல்கிறவன் மாதிரி.

"நாளைக்கு அம்மா பூவைக் கட்டட்டும். ஒரு நாள் கெடக்கட்டும். நான் மெதுவா அவுக்கச் சொல்லுகேன். சுறாப்புட்டு ஒடம்புக்கு நல்லதுதானே, உனக்கு அதுல என்ன நட்டம்?"

அவனுடைய விரல் நகங்களில் கொப்பரை எண்ணெய் கறுத்துப் படிந்திருந்தது. அதற்கு முன்பும் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மூணு நாளு கட்டினா வத்திப் போற பாலை ஒரு நாளு கட்டினா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. சாப்பிடப் போய்விட்டான்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பூ வந்தது. வாழை இலைப் பொதியை ஞானப்பூ பிரிக்கும்போதே வீடு முழுக்க மணத்தது. பழைய வேட்டியை நீளமாகக் கிழித்து வைத்திருந்தாள்.

"வாட்டி, உள்ள வா."

"மாமி, கடைசியா ஒரு தடவை பிள்ளையை எடை பாத்துருவோம். கொறஞ்சிருந்தா நானே கட்டிக்கிடுகேன்."

ஞானப்பூவுக்கு மறுக்கக் காரணம் இல்லை. கிட்டங்கியில் அன்றைக்கு நல்ல கூட்டம். கொப்பரை விலை ஏறியிருந்ததால் ஏசுஅடிமையே தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் இருந்தது ஞானையன். அறுபது தென்னை வைத்திருக்கிற மனுஷன். ஊரில் யாரையும் கேலி பண்ணாமல் விடமாட்டார்.

ராஜபாய் பிள்ளையைத் தானே தட்டில் கிடத்தினாள். குமாரதாஸ் அப்பாவைப் பார்த்துவிட்டுக் கல் வைத்தான்.

"பதினொண்ணே கால்."

"இன்னும் பழைய எடைக்கு வரல்ல பாத்தியளா" என்றாள் ஞானப்பூ.

"மாமா," ராஜபாயின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "வந்த அன்னைக்குப் பிள்ளையை முன்கடைக் கல்லுலயாக்கும் நிறுத்தீங்க. அந்தக் கல்லைக் கொண்டுவந்து இதுல வச்சுப் பாருங்க."

ஏசுஅடிமை மருமகளை ஏறிட்டுப் பார்த்தார். "உள்ள போ."

"பாத்துட்டுப் போறேன் மாமா."

"கல்லு எல்லாம் ஒரே கல்லுதான். போன்னு சொன்னேன்."

"ஒரே கல்லுன்னா கொண்டுவந்தா என்ன கொறஞ்சு போவும்?" இது ஞானையன். சாக்கிலிருந்து எழுந்துவிட்டார். "பேரப்பிள்ளைக் காரியமாக்கும் ஏசுஅடிமை. நீரு இரியும், நான் எடுத்துட்டு வாறேன்."

யாரும் தடுப்பதற்குள் அவர் முன்கடைக்குப் போய், இரண்டு கையிலும் கற்களோடு வந்துவிட்டார். நடக்கும்போதே கைகளால் ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். கொப்பரைக் கற்களை எடுத்துவிட்டு அவற்றைத் தட்டில் வைத்தார். பிள்ளை இருந்த தட்டு அசையவில்லை. இன்னொரு கல். அப்புறம் ஒன்று. அப்புறம் சின்னக் கற்கள்.

"பதினாலுக்குக் கால் கொறவு." ஞானையன் நிமிர்ந்து ராஜபாயைப் பார்த்தார். "அடேயப்பா! நின்ன நிலையில ரெண்டரை ராத்தல் ஏறிட்டானே! மக்களே, உனக்க பாலு நல்ல பாலாக்கும். எனக்கக் கொப்பரைக்கும் கொஞ்சம் குடு, அதுவும் ஏறட்டும்."

முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. கணக்கு மண்டையில் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு ஒருவன் எழுந்து கொப்பரைக் கல்லைக் கவிழ்த்து ஈயத்தை நகத்தால் சுரண்டினான். "எத்தன வருசமா லே?" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது. சாக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு ஏறின. ஏசுஅடிமை எதையெதையோ சொன்னார், சீல் வைத்த கல் என்றார், பழைய கல் என்றார், கடைசியில் மருமகளைப் பார்த்து, "வீட்டைக் கெடுத்த பீடை" என்றார்.

ராஜபாய் தட்டிலிருந்து பிள்ளையை எடுத்தாள். ஈயப்பொடி அதன் காலில் ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டாள்.

ஞானப்பூ கையில் துணிக்கிழிசலோடு அப்படியே நின்றிருந்தாள். அவளுக்கு உண்மையில் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. மருமகளிடம் மன்னிப்பு கேட்கவில்லை. அன்று மத்தியானம் மட்டும் ஒரு பானைத் தண்ணீரைக் கொண்டுவந்து ராஜபாயின் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். ராஜபாய் லோட்டா லோட்டாவாக மொண்டு குடித்தாள். பானை பாதியானது.

மறுநாள் காலை யாரிடமும் கேட்காமல் பிள்ளையை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினாள். இரண்டு கல்லும் பொய் என்றால் உண்மை எவ்வளவு என்று தெரியவேண்டுமே. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பிள்ளையை எடை மிஷினில் கிடத்தினாள்.

"பன்னிரண்டரை."

பிள்ளை பிறந்தபோது ஆறு ராத்தல் இருந்தது. நர்ஸம்மா விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். "பையத்தான் ஏறுது. ஆனா ஏறுது. தாய்ப்பாலை நிறுத்தாத. கேக்கும்போதெல்லாம் குடு, ரெண்டு பக்கமும் குடு. தண்ணி நல்லா குடிக்கியா?"

"நேத்து முதல் குடிக்கேன்" என்றாள் ராஜபாய்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை, யாரும் தொடவில்லை. பிள்ளை குடித்துக் குடித்துக் கடைவாயில் பால் வழியத் தூங்கிப்போயிற்று.

திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கியபோது குமாரதாஸ் ரோட்டோரத்தில் நின்றிருந்தான். வெயிலில் வெகுநேரம் நின்றவன் போல முகம் வியர்த்திருந்தது. கடை சாத்திக் கிடந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு? எவ்வளவு இருக்கான்?"

அவள் பிள்ளையின் தலைக்கு மேல் முந்தானையை இழுத்துவிட்டாள்.

"குடு, நான் தூக்கிட்டு வாறேன். அலைஞ்சு களைச்சிருப்ப." அவன் இரண்டு கையையும் நீட்டினான்.

ராஜபாய் அந்தக் கைகளைப் பார்த்தாள். அவனோடு அவள் பிறகு முப்பத்தெட்டு வருஷம் வாழ்ந்தாள். அவனுக்குச் சோறு பொங்கினாள், காய்ச்சலில் பற்றுப் போட்டாள், இன்னும் மூன்று பிள்ளைகளைப் பெற்று மூன்றுக்கும் தன் பாலையே ஒன்றரை வயது வரைக்கும் கொடுத்தாள். வெளியே யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு அந்த ரோட்டில் வைத்து வந்த ஓங்கரிப்பு அவளுக்குள் முழுசாக அடங்கவே இல்லை.

"தூங்குகான். தொடாதீங்க" என்றாள்.

பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு பத்தடி பின்னால் வந்தான்.